பெருந்தொற்று இன்ஃப்ளூயன்சாவின் ஆபத்து: விவாதங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்று என்ற பேச்சு எழுந்தாலே இரண்டு குரல்கள் முந்திக்கொள்கின்றன. அடுத்தது வந்தால் உலகமே அழிந்துவிடும் என்பது ஒன்று. இதெல்லாம் மருந்து நிறுவனங்கள் கிளப்பிவிடும் பீதி என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் இடையில் நின்று, உண்மை என்ன என்று அறிய விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை தொகுத்திருக்கிறேன். ஆபத்து உண்மையானது என்பதே என் நிலைப்பாடு. அதை நிலைநாட்ட மிகைப்படுத்த வேண்டியதில்லை என்பதையும், மிகைப்படுத்தினால் மறுப்பவர்களுக்கு நாமே பிடி கொடுத்துவிடுகிறோம் என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறேன்.

ஃப்ளூ என்பது சாதாரண சளிக்காய்ச்சல்தானே? இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஜலதோஷம் பெரும்பாலும் ரைனோவைரஸ் போன்ற வேறு வைரஸ்களால் வருவது. அநேகமாக மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். இன்ஃப்ளூயன்சா திடீரென்று கடுங்காய்ச்சல், உடல்வலி, எழுந்து நடக்க முடியாத அசதி என்று ஆளைப் படுக்கையில் தள்ளும். சிலருக்கு நுரையீரல் வரை இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, பெருந்தொற்று எதுவும் இல்லாத ஆண்டிலேயே ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு ஃப்ளூ வருகிறது. 30 முதல் 50 லட்சம் பேருக்கு நோய் கடுமையாகிறது. 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை அதனால் ஏற்படும் சுவாசக் கோளாறுகளால் இறக்கிறார்கள்.

"எனக்கும் வந்தது, மூன்றே நாளில் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யல்ல. பெரும்பாலானோருக்கு அப்படித்தான் போகிறது. ஆனால் முதியவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதயநோய், நீரிழிவு உள்ளவர்களுக்கும் என்ன நேர்கிறது என்பதை அந்த ஒருவருடைய அனுபவம் சொல்லாது.

பருவகால ஃப்ளூவுக்கும் பெருந்தொற்று ஃப்ளூவுக்கும் என்ன வித்தியாசம்? வைரஸ் ஒன்றுதானே?

குடும்பம் ஒன்று, ஆனால் நம் உடலுக்கு அதனோடு உள்ள பழக்கம் வேறு. வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. எச்1என்1, எச்5என்1 என்ற பெயர்களில் வரும் எச், என் இரண்டும் இவற்றையே குறிக்கின்றன. ஆண்டுதோறும் இவை சிறிது சிறிதாக மாறுவதால் பழைய எதிர்ப்புச் சக்தி ஓரளவு பலவீனப்படுகிறது. இது பருவகால ஃப்ளூ. மனிதர்களில் அநேகமாக யாருமே சந்தித்திராத ஹீமக்ளூட்டினினுடன் ஏ வகை வைரஸ் ஒன்று வந்து, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதாகப் பரவவும் தொடங்கினால் அது பெருந்தொற்று.

இந்தப் பெரிய தாவல் எப்படி நிகழ்கிறது என்பதுதான் விவாதங்களில் அதிகம் விடுபடுகிறது. ஏ வகை வைரஸின் மரபுப்பொருள் ஒரே இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே உயிரணுவில் இரண்டு வெவ்வேறு வைரஸ்கள் புகுந்துவிட்டால், இரண்டு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தது போல, துண்டுகள் இடம் மாறிய புதிய வைரஸ் பிறக்கலாம். 1957-இல் வந்த எச்2என்2 மூன்று துண்டுகளையும், 1968-இல் வந்த எச்3என்2 இரண்டு துண்டுகளையும் பறவை வைரஸ்களிடமிருந்து பெற்றவை. 1918, 1957, 1968, 2009 ஆகிய நான்கையும் பெருந்தொற்றுகளாக எல்லோரும் ஏற்கிறார்கள். 1977-ஐப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1918-இல் எத்தனை பேர்தான் இறந்தார்கள்? ஒருவர் 2 கோடி என்கிறார், இன்னொருவர் 10 கோடி என்கிறார்.

இருவரும் எங்கோ படித்ததைத்தான் சொல்கிறார்கள். 1927-இல் எட்வின் ஜோர்டன் 2 கோடியே 15 லட்சம் என்று கணக்கிட்டார். 2002-இல் வெளியான ஆய்வொன்று 5 கோடி என்றும், உண்மை 10 கோடி வரைகூட இருக்கலாம் என்றும் சொன்னது. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு 1 கோடியே 74 லட்சம் என்று குறைத்தது. பிரிட்டிஷ் இந்தியா, சீனா, ஆப்பிரிக்கா போன்ற பெரும்பரப்புகளில் இறப்புப் பதிவு அரைகுறையாக இருந்ததே இந்த இடைவெளிக்குக் காரணம். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பதே மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட பெரும்பாலான மதிப்பீடுகளின் முடிவு.

விவாதத்தில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு முரணையும் இங்கே சுட்டிக்காட்ட வேண்டும். "50 கோடிப் பேருக்கு நோய் வந்தது, 5 கோடிப் பேர் இறந்தார்கள், இறப்பு விகிதம் 2.5 சதவீதம்" என்று மூன்று எண்களையும் ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். 50 கோடியில் 2.5 சதவீதம் ஒன்றேகால் கோடிதான். 5 கோடி என்றால் விகிதம் 10 சதவீதம். மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. எனவே "ஏறத்தாழ 2 கோடி முதல் 5 கோடி வரை, அதற்கு மேலும் இருக்கலாம்" என்று எழுதுவதே நேர்மையானது. மிகக் குறைந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலும், சுமார் 180 கோடிப் பேர் வாழ்ந்த உலகில் நூற்றுக்கு ஒருவரை அது கொண்டுபோயிருக்கிறது; அதுவும் 20 முதல் 40 வயதுக்கு உட்பட்ட திடகாத்திரமானவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இறந்தார்கள்.

அன்றைக்கு ஆன்டிபயாட்டிக் கிடையாது, ஆக்சிஜன் வசதி கிடையாது. இன்றைக்கு 1918 திரும்பவே முடியாது, சரிதானே?

பாதி சரி. அன்று இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களை மறுபடி பரிசோதித்து 2008-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான இறப்புகளில் வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவுக்குப் பங்கு இருந்ததைக் காட்டியது. பென்சிலின் பயன்பாட்டுக்கு வந்ததே 1940-களில்தான். ஆகவே அதே வைரஸ் இன்று வந்தால் ஒவ்வொரு நோயாளியும் பிழைக்கும் வாய்ப்பு அன்றைவிடக் கூடுதல் என்பதை மறுக்கக் கூடாது.

மறுபாதியை மறுப்பவர்கள் சொல்வதில்லை. வைரஸே நேரடியாக உண்டாக்கும் நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் வென்டிலேட்டர்களும் வழக்கமான தேவையைக் கணக்கிட்டு வைக்கப்பட்டவை. ஒரே மாதத்தில் பல மடங்கு நோயாளிகள் வந்து நிற்கும்போது, செவிலியர்களிலும் மருத்துவர்களிலும் ஒரு பகுதியினர் தாமே காய்ச்சலில் படுத்திருப்பார்கள். இன்றைய மக்கள்தொகையில் முதியவர்களும், நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளில் வாழ்பவர்களும் அன்றைவிட மிக அதிகம். மருத்துவம் முன்னேறியிருக்கிறது என்பதும், அந்த முன்னேற்றம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள்; முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிறுவ முடியாது.

எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தவர்களில் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள் என்கிறார்கள். அது பரவினால் உலகத்தில் பாதிப்பேர் போய்விடுவார்களா?

2003 முதல் உலக சுகாதார நிறுவனத்திடம் பதிவான 900-க்கும் மேற்பட்ட மனிதத் தொற்றுகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தது உண்மை. அந்த விகிதத்தை அப்படியே உலக மக்கள்தொகையோடு பெருக்குவதுதான் தவறு. பரிசோதனை செய்யப்பட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வரும் அளவுக்கு நோய் முற்றியவர்கள். இலேசாக வந்து போனவர்கள் கணக்கிலேயே சேராமல் இருந்திருக்கலாம். 2024 முதல் அமெரிக்காவில் கறவை மாடுகளிடமிருந்து தொற்றிய பண்ணைத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குக் கண் சிவந்து உறுத்தியதோடும் இலேசான காய்ச்சலோடும் நோய் அகன்றது. ஆனால் கம்போடியாவில் பரவிய வேறு கிளையைச் சேர்ந்த எச்5என்1 குழந்தைகள் உட்படப் பலரைக் கொன்றிருக்கிறது. கிளைக்குக் கிளை, தொற்றும் வழிக்கு வழி, கடுமை மாறுகிறது.

மனிதர்களிடம் பரவக் கற்றுக்கொள்ளும்போது கடுமை குறையலாம்; குறைந்தே தீரும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. இந்த இடத்தில் 50 சதவீதம் என்ற எண்ணை விட்டுவிட்டுச் சிறிய எண்ணில் கணக்குப் போட்டுக் காட்டுவதே நல்லது. 800 கோடிப் பேரில் கால்வாசிப் பேருக்குத் தொற்று வந்து, அவர்களில் இருநூறில் ஒருவர் இறந்தாலே இறப்புகள் ஒரு கோடி. எதிரில் இருப்பவர் 50 சதவீதத்தைக் கேட்டுச் சிரிப்பார். இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

1997-லிருந்து "வருகிறது, வருகிறது" என்றே சொல்கிறீர்கள். இன்னும் வரவில்லையே?

1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு எச்5என்1 தொற்றி 6 பேர் இறந்தார்கள். நகரத்தின் கோழிகளையெல்லாம், பத்து லட்சத்துக்கும் மேலாக, அழித்த பிறகு அந்தத் தொற்று நின்றது. அது வராமல் போன தீர்க்கதரிசனம் அன்று. தடுக்கப்பட்ட ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பறவை வைரஸ் நம் மேல் சுவாசப் பாதையில் இருக்கும் ஏற்பிகளில் சரியாகப் பற்றிக்கொள்வதில்லை. அங்கே பற்றிக்கொள்ளவும், நம் உயிரணுக்களில் வேகமாகப் பெருகவும், காற்றில் நிலைத்திருக்கவும் அதற்குச் சில மாற்றங்கள் தேவை. மரநாய் இனமான ஃபெரட்டுகளில் நடத்தி 2012-இல் வெளியிடப்பட்ட சோதனைகள், அந்த மாற்றங்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியது என்று காட்டின. 2022-23-இல் பெரு, சிலி கடற்கரைகளில் கடற்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கியதும், 2024-இல் கறவை மாடுகளில் வைரஸ் கண்டறியப்பட்டதும் கவலையைக் கூட்டுவது, பாலூட்டிகளில் பரவும்போது அந்த மாற்றங்கள் சேரக்கூடும் என்பதால்தான்.

அதே சமயம், "காலக்கெடு வந்துவிட்டது" என்று நம் தரப்பில் சொல்பவர்களும் தவறுகிறார்கள். நான்கு பெருந்தொற்றுகளுக்கும் இடைப்பட்ட இடைவெளிகள் 39, 11, 41 ஆண்டுகள். இதில் எந்த முறையும் இல்லை. எல்லோரும் ஆசியாவின் பறவைகளையே கவனித்துக்கொண்டிருந்தபோது 2009-இன் வைரஸ் மெக்சிகோவின் பன்றிகளிடமிருந்து வந்தது. அடுத்தது எச்5என்1 ஆகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை.

2009 பன்றிக் காய்ச்சல் வெறும் புரளி என்று நிரூபணமாகிவிட்டதே? அதற்காகப் பெருந்தொற்றின் வரையறையையே மாற்றினார்களே?

ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட இறப்புகள் சுமார் 18,500 மட்டுமே என்பதால் இந்தக் கேள்வி எழுகிறது. முதல் ஆண்டில் உண்மையில் இறந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் 5 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் இடைப்பட்டவர்கள் என்று 2012-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. பருவகால எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது அதிகமில்லையே என்று தோன்றும். ஆனால் இறந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள். பருவகால ஃப்ளூவில் நிலைமை இதற்கு நேர்மாறு. முதியவர்கள் இளமையில் இதே சாயலுள்ள எச்1என்1 வைரஸைச் சந்தித்திருந்ததால் தப்பினார்கள்.

வரையறை பற்றிய குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மை இருக்கிறது. "மிகப்பெரும் எண்ணிக்கையில் இறப்பும் நோயும்" என்ற பொருள்படும் ஒரு வாசகம் உலக சுகாதார நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து 2009 மே மாதம் நீக்கப்பட்டது. ஜூன் 11 அன்று பெருந்தொற்று அறிவிக்கப்பட்டது. இதை விசாரித்து ஹார்வி ஃபைன்பெர்க் தலைமையிலான மறுஆய்வுக் குழு 2011-இல் அளித்த அறிக்கை, வணிக நோக்கத்துக்காக முடிவு வளைக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றது. கூடவே, அவசரக் குழு உறுப்பினர்களின் பெயர்களை மறைத்து வைத்ததையும், நியாயமான விமர்சனங்களை நிறுவனம் எதிர்கொண்ட விதத்தையும் கண்டித்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஊசி போட்டவர்களுக்கும் ஃப்ளூ வருகிறது. மருத்துவமனையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள்தாம். பிறகு எதற்கு ஊசி?

ஊசியில் உள்ள வைரஸும் அந்த ஆண்டு பரவும் வைரஸும் நன்றாகப் பொருந்தி அமைந்த ஆண்டுகளில் பருவகால ஊசி, மருத்துவரிடம் போகும் அளவுக்கு நோய் வருவதை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. பொருத்தம் தவறினால் அதைவிடக் குறைவு. ஃப்ளூ ஊசி அம்மை ஊசியைப் போல் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு தருவதல்ல.

இரண்டாம் பகுதிக்கு ஒரு கற்பனைக் கணக்கு. 1,000 முதியவர்களில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய் வந்தால் 10 பேர். ஊசி அதைப் பாதியாகக் குறைத்து நூற்றுக்கு ஐந்து ஆக்கினால் 45 பேர். நோயுற்ற 55 பேரில் 45 பேர் ஊசி போட்டவர்களே, ஆனாலும் ஊசி ஆபத்தைப் பாதியாக்கியிருக்கிறது. ஊசி இல்லாதிருந்தால் 100 பேர் படுத்திருப்பார்கள். இதைத் தாளில் எழுதிக் காட்டினால் புரிந்துகொள்ளாதவர் குறைவு.

இன்னொன்று: இந்த ஆண்டு போட்ட பருவகால ஊசி புதிய பெருந்தொற்று வைரஸிடமிருந்து பெரிதாகக் காக்காது. புதிய வைரஸுக்கு ஏற்ற ஊசி தயாராகப் பழைய முறையில் ஆறு மாதம் போல ஆகிறது. 2009-இல் பல நாடுகளில் ஊசி போதுமான அளவு கைக்கு வருவதற்குள் இரண்டாம் அலை உச்சத்தை எட்டிவிட்டது.

ஊசியால் பாதிப்பே வந்ததில்லையா? 1976-ஐ ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கக் கூடாது, நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றி வைரஸ் தொற்றி ஒரு வீரர் இறந்தார். அதைத் தொடர்ந்து 4 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. எதிர்பார்த்த பெருந்தொற்று வரவில்லை. ஆனால் லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் கில்லன்-பாரே என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் கூடுதலாக வந்ததால் டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2009-10-இல் பாண்டெம்ரிக்ஸ் என்ற ஊசிக்கும், பின்லாந்து, ஸ்வீடன் நாடுகளில் சிறுவர்களுக்கு வந்த நார்கோலெப்சி என்ற உறக்க நோய்க்கும் தொடர்பு இருந்தது உறுதியானது.

இந்த இரண்டையும் கண்டுபிடித்தவை தடுப்பூசிக் கண்காணிப்பு அமைப்புகளே. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது. ஆனால் பக்கவிளைவுகளை யாரும் தேடுவதே இல்லை என்ற வாதத்துக்கு அதுவே பதில்.

வைரஸ் பரவப் பரவ வீரியம் குறைந்துவிடும், அது இயற்கை விதி என்கிறார்களே?

அப்படி ஒரு விதி இல்லை. 1918-இன் வசந்தகால அலை மிதமாக இருந்தது. இலையுதிர் காலத்தில் வந்த இரண்டாவது அலைதான் கொன்று குவித்தது. 1968 வைரஸ் பிரிட்டனில் முதல் குளிர்காலத்தைவிட 1969-70 குளிர்காலத்தில் அதிகம் பேரைக் கொன்றது. ஃப்ளூ நோயாளி மற்றவர்களுக்குத் தொற்றைக் கொடுப்பது பெரும்பாலும் முதல் சில நாட்களில். அவர் பிறகு பிழைத்தாரா இறந்தாரா என்பது வைரஸின் பரவலை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. காலப்போக்கில் இறப்புகள் குறைவதற்கு முக்கியக் காரணம் மக்களிடம் எதிர்ப்புச் சக்தி சேர்வது. அந்தச் சக்தி நோய் வந்தோ ஊசி போட்டோ சேர வேண்டும்.

டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ மருந்து இருக்கிறதே, போதாதா?

அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்மை அதிகம். மற்றபடி ஆரோக்கியமானவர்களுக்கு அது நோயை ஏறத்தாழ ஒரு நாள் குறைக்கிறது. 2008-09-இல் பருவகால எச்1என்1 வைரஸ் ஒரேயொரு மாற்றத்தால் இந்த மருந்துக்கு அடங்காததாக உலகெங்கும் பரவியது. கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டிய மருந்துதான், முழு நம்பிக்கையையும் அதன்மேல் வைக்க முடியாது.

பள்ளி, சந்தை எல்லாவற்றையும் அடைப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா?

1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் மேற்கு சமோவாவின் ஆபியா துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் நோயாளிகள் இருந்தும் பயணிகள் கரையிறங்க அனுமதிக்கப்பட்டார்கள். சில வாரங்களில் அத்தீவின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். அருகிலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் பாயர் கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. தீவுக்குப் பொருந்துவது பெருநகரத்துக்குப் பொருந்துமா என்று கேட்டால், செப்டம்பர் 28-இல் மாபெரும் ஊர்வலம் நடத்திய பிலடெல்பியாவில் வார இறப்பு உச்சத்தில் லட்சத்துக்கு 257 ஆகவும், முதல் நோயாளிகள் தெரிந்தவுடனேயே அடைத்த செயின்ட் லூயிஸில் 31 ஆகவும் இருந்ததைக் காட்டலாம். தடைகளைத் தளர்த்தியபின் செயின்ட் லூயிஸிலும் இறப்புகள் ஏறின என்பதையும் விட்டுவிடக் கூடாது. அடைப்பு நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பது வேறு.

2020-21-இல் உலகெங்கும் ஃப்ளூ அநேகமாகக் காணாமல் போனது. பி வகையில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. பயணத் தடை, முகக்கவசம், பள்ளி மூடல் அனைத்தும் ஒன்றாக நடந்ததால், இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்பவரை நம்பத் தேவையில்லை.

1977-இல் வந்தது ஆய்வகத்திலிருந்துதான் என்கிறார்கள். அப்படியானால் ஆபத்தே விஞ்ஞானிகளால்தானே?

1977-இல் திரும்பி வந்த எச்1என்1, 1950-களின் தொடக்கத்தில் உலவிய வைரஸை ஏறக்குறைய அச்சாக ஒத்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இயற்கையில் உலவிய வைரஸ் அப்படி மாறாமல் இருக்காது; எனவே அது எங்கோ உறைநிலையில் வைக்கப்பட்டு, ஆய்வகத்திலிருந்தோ தடுப்பூசிச் சோதனையிலிருந்தோ வெளியேறியிருக்க வேண்டும் என்பது வலுவான ஊகம். நிரூபிக்கப்படவில்லை. பெரும்பாலும் 25 வயதுக்குக் குறைந்தவர்களையே அது தாக்கியது. மேலே சொன்ன ஃபெரட் சோதனைகளை எதிர்த்து விஞ்ஞானிகளுக்குள்ளேயே கடும் வாதம் நடந்து, 2012-இல் அத்தகைய ஆய்வுகள் ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டன. அந்தக் கவலை நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 1957, 1968 வைரஸ்களை எந்த ஆய்வகமும் உருவாக்கவில்லை. ஒரு வழியில் ஆபத்து இருப்பது மற்ற வழியை அடைத்துவிடாது.

சரி, ஆபத்து எவ்வளவு என்று ஒரே எண்ணில் சொல்லுங்களேன்.

1918 முதல் இன்றுவரை நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் நான்கு. ஒவ்வொரு ஆண்டும் வாய்ப்பு ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அடுத்த பத்தாண்டுகளில் குறைந்தது ஒன்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. இது நான்கே நிகழ்வுகளை வைத்துப் போட்ட முரட்டுக் கணக்கு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலும் இது வருமா என்பதற்கான எண் மட்டுமே. வந்தால் 1918 போல இருக்குமா 2009 போல இருக்குமா என்பதை இந்த எண் சொல்லாது.

என் மாமா எதற்கும் அசைவதில்லை. எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் புதிதாக ஒன்றைக் கிளப்புகிறார். என்ன செய்வது?

அவர் ஒரே நேரத்தில் நான்கு வாதங்களைக் கலக்கிறார் என்றால், முதலில் அவற்றைப் பிரியுங்கள்: வைரஸ் வருமா, வந்தால் எவ்வளவு கொல்லும், ஊசி பலன் தருமா, அரசு செய்தது சரியா. பலருக்கு உண்மையான கோபம் நான்காவதில்தான் இருக்கிறது. முதல் மூன்றையும் அதற்காகவே மறுக்கிறார்கள். அரசின் தவறுகளில் நீங்கள் ஒப்புக்கொள்ளக்கூடியதை வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகு முதல் கேள்விக்குத் திரும்புங்கள். அப்போது அவர் அதைப் பற்றியே பேசும் வாய்ப்பு கூடுகிறது. பிணங்களின் படங்களை அனுப்பாதீர்கள். பயமுறுத்தப்பட்டவர், அடுத்த ஆண்டு எதுவும் நடக்காவிட்டால் உங்களைப் பொய்யர் என்பார்.

எந்த ஆதாரம் கிடைத்தால் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பதில் இருந்தால் அதைத் தேடித் தாருங்கள். இல்லையென்றால் அவரோடான வாதத்தை நிறுத்திக்கொண்டு, அதை இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அத்தையிடம், இந்த ஆண்டு பருவகால ஊசி போட்டுக்கொண்டாரா என்று விசாரியுங்கள்.